பழ ஈயின் நடத்தையும் ஒளியைக் கொண்டு அதன் நரம்புகளை ஆராயும் முறையும்

மாந்தோப்பு வைத்திருக்கும் மிராசுதார்கள் பழ ஈயை நன்கு அறிவர். வெளிப்பார்வைக்குக் குற்றமற்றதாகத் தோன்றும் பழத்தை அறுத்துப் பார்க்க, உள்ளே சதை அழுகிப் புழுக்கள் நெளிவது, தாய் ஈ அதன் தோலைத் துளைத்து முட்டையிட்டதன் விளைவாகும். இவ்வீயைப் பிடிக்க இக்காலத்தில் தோப்புகளில் தொங்கவிடப்படும் பொறிகளுக்கு ஆதாரமான உண்மையைக் கண்டவர், பீஹாரைச் சேர்ந்த பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹௌலெட் என்னும் பூச்சிநூல் நிபுணர். சிட்ரொனெல்லா தைலத்தின் வாசனைக்கு இவ்வீக்கள் தேடி வந்து மொய்ப்பதை அவர் 1912-ல் எழுதினார். மெதில் யூஜினால் என்னும் பொருளுக்கு அவ்வாறு இழுக்கும் சக்தி உண்டென்பதை 1915-ல் வெளியிட்டார். பிற்காலத்தில், 1960-களில், பசிபிக் மகாசமுத்திரத்திலுள்ள ரோட்டா என்னும் சிறு தீவில் இப்பொருளையும் விஷ மருந்தையும் சேர்த்துப் பயன்படுத்திக் கிழக்கத்திப் பழ ஈயை அறவே ஒழித்தனர்.

ஆயினும் இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. மெதில் யூஜினாலை நாடி வருவன ஆண் ஈக்கள் மட்டுமே. பழத்தைத் துளைத்து முட்டையிடும் பெண் ஈ அதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆண் ஈக்களை ஏறக்குறைய முழுவதும் அழித்தாலன்றிப் பெண் ஈக்கள் கருத்தரிப்பது நிற்பதில்லை. தீவில் இது கைகூடியது. நாலாபுறமும் தோப்புகள் சூழ்ந்த கிராமத்திலோ, அயல் தோப்பில் கருத்தரித்துப் பறந்து வரும் ஒரு பெண் ஈயைப் பொறி தடுக்கமாட்டாது. புரதச் சத்துள்ள கரைசல்களுக்குப் பெண் ஈக்கள் வருவதுண்டெனினும், அக்கவர்ச்சி அத்துணை வலியதன்று.

ஆகவே, பெண் ஈ இந்தப் பழத்தில் முட்டையிட்டு அந்தப் பழத்தை விட்டுவிடுவது ஏன், இப்பொழுது இடாமல் சற்றுப் பொறுத்து இடுவது ஏன் என்னும் கேள்விகள் குடியானவருக்குப் பணப் பிரச்னைகளேயாம். இவற்றுக்கு விடை தேடும் ஆராய்ச்சியில் முன்னேற்றம் மிகுதியாகக் காணப்படுவது மாம்பழ ஈயில் அன்று. அதனினும் மிகச் சிறிய வேறோர் ஈயில்.

கனிந்து புளித்த வாழைப்பழத்தையும் கள்ளுப் பானையையும் சுற்றிப் பறக்கும், செந்நிறக் கண்களுடைய சின்னஞ்சிறு ஈயே அது. டிரோஸோபிலா மெலனோகாஸ்டர் என்பது அதன் சாஸ்திரப் பெயர். அதன் நீளம் ஓர் அங்குலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இதையும் பழ ஈ என்றே பலர் வழங்குவதால் குழப்பம் நேர்கிறது. மாம்பழ ஈ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. இச்சிறிய ஈயோ நல்ல பழத்தைக் கெடுப்பதில்லை; கெட்ட பழத்தையே நாடுவது. ஆனால் இதன் நெருங்கிய இனமாகிய டிரோஸோபிலா சுசுகி அப்படிப்பட்டதன்று. கிழக்காசியாவைச் சேர்ந்த அவ்வினத்தின் பெண் ஈக்கு ரம்பம் போன்ற பற்களுடைய முட்டையிடும் உறுப்பு அமைந்திருக்கிறது. அதைக் கொண்டு செடியிலேயே பழுத்துவரும் செர்ரி, ஸ்ட்ராபெர்ரி முதலிய மென்கனிகளின் தோலை அறுத்து முட்டையிடும். 2008-ல் கலிபோர்னியாவிலும் ஸ்பெயின், இத்தாலி தேசங்களிலும் அது காணப்பட்டது. அதன்பின் அங்குள்ள பழத் தோட்டக்காரருக்குப் பெருஞ்சேதம் விளைவித்து வருகிறது.

சிறிய ஈயை ஆராய்ச்சியாளர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. ஒரு கண்ணாடிக் குப்பியில் சிறிதளவு உணவிட்டால் போதும். பத்து நாட்களில் முட்டை ஈயாகிவிடும். நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் என்பவர் 1910-ல் வெண்ணிறக் கண்ணுடைய ஓர் ஆண் ஈயைக் கண்டு, அக்குணம் சந்ததியில் இறங்கும் விதத்தை ஆராய்ந்தார். ஜீன்கள் எனப்படும் பாரம்பரியக் கூறுகள் உயிரணுவிலுள்ள குரோமோசோம்களில் அமைந்திருப்பதை அவ்வாராய்ச்சி நிலைநாட்டியது. இதற்காக 1933-ல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

கண்ணின் நிறம் சந்ததியில் இறங்குவது போல நடத்தையும் இறங்குமா என்பது அடுத்த கேள்வி. கலிபோர்னியாவில் சீமோர் பென்ஸர் என்பவர் 1967-ல் இதை ஆராயத் தொடங்கினார். ஒளியை நாடிச் செல்லும் ஈக்களையும் செல்லாதவற்றையும் அவர் வேறு வேறு குழாய்களில் பிரித்தெடுத்தார். அவருடைய மாணவர் கோனோப்கா 1971-ல் மூன்று விந்தையான ஈ வகைகளைப் பற்றி எழுதினார். சாதாரண ஈக்கு உறக்கமும் விழிப்பும் 24 மணிக்கு ஒருமுறை சுற்றி வரும். இவற்றில் ஒன்றுக்கு அது 19 மணி, மற்றொன்றுக்கு 28 மணி. மூன்றாவதற்கு ஒழுங்கே கிடையாது. மூன்று குறைகளும் ஒரே ஜீனில் நேர்ந்த மாறுதல்களே என்பது தெரியவந்தது. அந்த ஜீன் வேலை செய்யும் விதத்தைக் கண்ட மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஜீனைக் கெடுத்துப் பார்ப்பது முரட்டு வழி. கெட்ட ஜீன் ஈயின் உடல் முழுவதிலும், அதன் ஆயுள் முழுவதிலும் கெட்டே இருக்கும். எந்த மதகு எந்த வயலுக்குப் பாய்கிறது என்று அறிய விரும்புகிறவர் ஏரிக்கரையை வெட்டிப் பார்ப்பதில்லை. ஒரு மதகை மட்டும் திறந்து, எந்த வயல் நனைகிறதென்று பார்ப்பார். பிறகு அதை அடைத்து, எந்த வயல் காய்கிறதென்றும் பார்ப்பார். ஈயின் மூளையிலுள்ள நரம்பணுக்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றில் வேண்டியதை மட்டும் திறக்கவும் அடைக்கவும் இரண்டு சாதனங்கள் தேவைப்பட்டன.

முதலாவது சாதனத்தை 1993-ல் ஆண்ட்ரியா பிராண்ட், நார்பர்ட் பெரிமன் என்னும் இருவர் வெளியிட்டனர். ஈஸ்ட் என்னும் காடியிலிருந்து எடுத்த கால்-4 என்னும் புரதத்தின் ஜீனை ஒரு ஈ வம்சத்தில், குறிப்பிட்ட சில அணுக்களில் மட்டும் இயங்குமாறு புகுத்துவர். மற்றொரு வம்சத்தில், நமக்கு வேண்டிய ஜீனைக் கால்-4 இருந்தாலன்றி இயங்காதவாறு பூட்டி வைப்பர். இருவகை ஈக்களையும் கலந்தால், பிறக்கும் குஞ்சுகளில் குறிப்பிட்ட அணுக்களில் மட்டும் பூட்டுத் திறக்கும். மதகின் சாவி ஒரு நீர்க்கட்டியிடம் மட்டும் இருப்பது போன்றது இது. வெவ்வேறு அணுக்களுக்கென இத்தகைய வம்சங்கள் ஆயிரக்கணக்கில் வளர்க்கப்பட்டு, கேட்கும் ஆராய்ச்சிசாலைகளுக்கு அனுப்பப்படுகின்றன. விதைப் பண்ணைகள் வித்துக்களை வழங்குவதை இது ஒக்கும்.

இரண்டாவது சாதனம் ஒளி. 2005-ல் அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் லீமா, மீசன்பாக் என்னும் இருவர், ஈ அபாயங்கண்டு துள்ளிப் பறப்பதற்குரிய பெரிய நரம்பை லேசர் ஒளியால் தூண்டினர், ஈக்கள் துள்ளின. ஒளியைக் கண்ணால் கண்டு மிரண்டிருக்கலாமே என்னும் ஆட்சேபத்துக்கு அவர்கள் அளித்த விடை தெளிவானது: தலையை நீக்கிய ஈக்களும் துள்ளின.

அவர்கள் கையாண்ட ரஸாயன வழி சுற்றுவழி. அதினும் எளிய வழி குளத்துப் பாசியிலிருந்து கிடைத்தது. கிளாமிடோமோனாஸ் என்னும் ஓரணுப் பாசி ஒளியை நோக்கி நீந்துவது. அதிலுள்ள ஒரு புரதம், நீல ஒளி பட்டவுடன் திறந்து மின்னூட்டமுள்ள அயனிகளை உட்செலுத்தும் மதகு என்பதை ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் கண்டனர். சேனல்ரொடாப்ஸின் என்பது அதன் பெயர். அதன் ஜீனை நரம்பணுவில் வைத்தால், ஒளி படும்போது அந்த அணு தூண்டப்படும். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இம்மதகு வேலை செய்ய, ஏ வைட்டமினைச் சார்ந்த ரெட்டினல் என்னும் பொருள் வேண்டும். ஈயின் மூளையில் அது போதிய அளவு இல்லாமையால் உணவிலேயே கலந்து கொடுக்கின்றனர். ஒரே வம்சத்து ஈக்களில் ரெட்டினல் தின்றவை ஒளிக்கு நடந்துகொள்ளும் விதத்தையும் தின்னாதவை நடந்துகொள்ளும் விதத்தையும் ஒப்பிட்டால், ஒளி வெறுமனே கண்ணைக் கூசச் செய்ததா, நரம்பைத் தூண்டியதா என்பது விளங்கிவிடும். உரமிட்ட பாத்தியோடு உரமிடாத பாத்தியை ஒப்பிடுவது போன்றதே இது.

இம்முறையின் வலிமையை 2007-ல் வெளியான ஒரு சோதனை காட்டுகிறது. கலவரமடைந்த ஈக்கள் கரியமில வாயுவை வெளியிடும். மற்ற ஈக்கள் அதை முகர்ந்து விலகும். அவ்வாயுவை முகரும் நரம்பணுக்களில் மட்டும் பாசியின் மதகை வைத்து நீல ஒளி காட்டினர். வாயு சிறிதுமில்லாத இடத்திலும் ஈக்கள் ஒளி விழுந்த பக்கத்தை விட்டு விலகின. இல்லாத நாற்றத்தை அவை முகர்ந்தன என்றே சொல்லவேண்டும். 2014-ல் செவ்வொளிக்குத் திறக்கும் மற்றொரு பாசி மதகு வெளியாயிற்று. செவ்வொளியை ஈயின் கண் தெளிவாகக் காண்பதில்லை. அவ்வொளி உடலின் மேலோட்டையும் ஊடுருவிச் செல்லும். ஆதலால், தடையின்றி நடமாடும் ஈயிலும் சோதனை செய்ய முடிகிறது. நரம்பணுவை அடக்கும் ஒளி மதகுகளும் இப்போது உண்டு.

முட்டையிடும் விஷயத்துக்கு வருவோமாயின், 2020-ல் அமெரிக்காவிலுள்ள ஜனீலியா ஆராய்ச்சி நிலையத்தில் பாரி டிக்ஸன் குழுவினர், மூளையிலிருந்து உடலுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் சில நரம்பணுக்களைக் கண்டறிந்தனர். அவற்றைத் தூண்டினால் பெண் ஈ முட்டையிடும் செய்கையில் இறங்கும், அடக்கினால் முட்டையிடாது. ஈ கூடியிருக்கிறதா இல்லையா என்னும் செய்தியும் அவற்றை வந்தடைகிறது. கன்னி ஈ முட்டைகளை வயிற்றிலேயே வைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே. 2023-ல் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தார் இவ்வணுக்களைப் பிறிதொரு விதமான ஒளிச் சாதனத்தால் நோக்கினர். இது தூண்டுவதற்கன்று, அணுவின் கிளர்ச்சியை ஒளிர்வாகக் காண்பதற்கு. ஈ இடந்தேடி நடக்கையில் கிளர்ச்சி ஏறி இறங்கி, ஓர் எல்லையை எட்டியதும் முட்டை இடப்படுகிறது. இடம் நல்லதாயின் விரைவில் ஏறும். இதைவிடச் சிறந்த இடம் அருகில் உண்டென்று ஈ அறிந்திருந்தால் ஏற்றம் தாமதப்படும். இத்தனை சிறிய பூச்சியும் ஒப்பிட்டுப் பார்த்தே முட்டையிடுகிறது என்பது வியப்புக்குரியது. 2024-ல் ஒரு பெண் ஈயின் மூளை முழுவதற்கும் நரம்பு வரைபடம் வெளியாயிற்று. அதில் 1,39,255 நரம்பணுக்கள் குறிக்கப்பட்டுள்ளன. கிராமத்துக்குச் சர்வே படம் எவ்வளவு உதவியோ, ஆராய்ச்சியாளருக்கு இப்படம் அவ்வளவு உதவி.

இவையாவும் தோப்பில் பிரயோகிக்கும் முறைகளல்ல என்பதைத் தெளிவாகக் கூறுவது அவசியம். ஜீன் புகுத்தி, ரெட்டினல் ஊட்டி வளர்த்த ஈயே ஒளிக்கு இணங்கும். காட்டு ஈ இணங்காது. இந்த ஆராய்ச்சியின் பெயரைச் சொல்லி எவரேனும் பழ ஈக்கு விளக்கு விற்க வந்தால் கிராம அதிகாரிகள் அதை நம்பவேண்டுவதில்லை. மேலும், அழுகல் பழத்தை நாடும் ஈயில் கண்டதை, நல்ல பழத்தைத் துளைக்கும் மாம்பழ ஈக்கு அப்படியே பொருத்துவதும் தகாது. சுசுகி ஈயே இதற்குச் சாட்சி. உறவினம் அழுகலை நாட, அது பழுத்துவரும் கனியை விரும்புகிறது. இரண்டுக்கும் புலனறிவு வேறுபட்டிருப்பதே காரணமென 2017-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. எந்தப் புலன், எந்த அணு என்று சிறிய ஈயில் கற்ற பாடத்தைக் கொண்டு, அதற்கு நேரான அணுக்களைப் பெரிய ஈயில் தேடலாம். கிழக்கத்திப் பழ ஈயிலும் ஜீன்களை மாற்றும் வேலை இப்போது சாத்தியமாகியிருக்கிறது. பெண் ஈயை மெதில் யூஜினாலைப் போல் வலிந்து இழுக்கும் பொருளோ, முட்டையிடாமல் விரட்டும் பொருளோ கிடைக்குமாயின் இவ்வழியில் கிடைக்கக்கூடும்.

தற்போது செய்யத்தக்கவை பழைய வேலைகளே. உதிர்ந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி இரண்டடி ஆழத்துக்குக் குறையாமல் புதைக்கவேண்டும். புழுக்கள் மண்ணில் இறங்கிக் கூட்டுப் புழுவாக மாறுவதால், மரத்தடி மண்ணைக் கிளறி வெயிலுக்கும் பறவைகளுக்கும் காட்டவேண்டும். மெதில் யூஜினால் பொறிகளைக் காய் முற்றுவதற்கு முன்பே கட்டுவதும், ஒரு கிராமத்துத் தோப்புக்காரர் யாவரும் ஒரே சமயத்தில் கட்டுவதும் முக்கியம்.