பழைய பாத்திரம் வாங்குகிறீர்களா?

பழைய சாமான் என்றால் ஒரு காலத்தில் சென்னை மூர் மார்க்கெட்தான். 1985-ல் அது தீயில் அழிந்தது. பழைய சாமான் கடைகள் அழியவில்லை.

அந்தக் கடைகளில் இரும்பு தோசைக்கல் கிடைத்தால் விடாதீர்கள். பல ஆண்டுகள் எண்ணெய் குடித்த கல்லில் தோசை ஒட்டாது. புதுக் கல்லைப் பழக்குவதற்குள் படும் பாடு கொஞ்சமா? லேசாகத் துரு இருந்தால் தேய்த்து, எண்ணெய் தடவுங்கள்.

பித்தளைப் பாத்திரமா? சுண்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது. மந்தமாக ஒலித்தால் கீறல் இருக்கலாம். உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால், மறுபடி வெள்ளீயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்காதீர்கள். களிம்பு ஏறும், வாந்தி வரும்.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு மட்டும் பழசு வேண்டவே வேண்டாம். அசல் சொம்பு வெள்ளீயம். காரீயம் கலந்திருந்தால் விஷம். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். கலப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கடைக்காரருக்கும் தெரியாது!