ஒரு புஷ், இரண்டு எடை

பழைய புல்லட் 350 இன்ஜினை 346 சிசி என்பார்கள். அந்த 346 எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஒரு தாளும் பேனாவும் போதும். சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். 7 சென்டிமீட்டரை வர்க்கமாக்கி, 0.7854-ஆலும் 9-ஆலும் பெருக்கினால் 346.36 கன சென்டிமீட்டர். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை எழும்பியது எங்கள் திருவொற்றியூரில். அன்றிலிருந்தே அது எங்கள் ஊர்க் கணக்கு.

இது சிலிண்டருக்குள் இருக்கும் வெற்றிடத்தின் அளவு. அதே சிலிண்டரின் வெளிப்பக்கத்துக்கு வாருங்கள். சூடு தணிய அடுக்கடுக்காக ஃபின்கள், நடுவே போல்ட் துளைகள், எல்லா மூலையிலும் வளைவு. இதில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று சொல்ல ஒற்றைச் சூத்திரம் கிடையாது. டிராயிங் போர்டு காலத்தில் இதை உருளை, பட்டை, வளையம் என்று கூறுபோட்டு, ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் மாஸ் ப்ராப்பர்ட்டீஸ் என்பதை அழுத்தினால், ஆட்டோகேடில் மாஸ்ப்ராப் என்று தட்டினால், கண்சிமிட்டும் நேரத்தில் விடை.

நான் அந்த விடையை வைத்துத் தொழில் செய்பவள். திருவொற்றியூர், மணலிப் பக்கத்துச் சின்ன ஃபவுண்டரிகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் முப்பரிமாண டிராயிங் போட்டுத் தருகிறேன். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வேர்விட்டு, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அப்படிப்பட்ட பெரிய ஆலைகளைச் சுற்றி முளைத்த வேலைதான் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. இந்த வட்டாரத்தில் காஸ்டிங்குக்குக் கிலோ கணக்கில் விலை பேசுவார்கள். கன அளவு பிசகினால் கிலோ பிசகும், கோட்டேஷன் பிசகும், கடைசியில் மோல்டிங் போடுகிறவரின் கூலியில்தான் அது கை வைக்கும். அதனால்தான் இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு கன்மெட்டல் புஷ்ஷை, அதாவது நடுவே துளையுள்ள வெண்கல வகை உருளையை, எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 60, உள்விட்டம் 40, நீளம் 50 மில்லிமீட்டர். மென்பொருளுக்கு இந்தப் புஷ்ஷின் வயிறு தெரியாது, தோல் மட்டுமே தெரியும். அந்தத் தோலைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்துவிட்டதாக எண்ணுங்கள். புஷ்ஷின் நட்டநடுவே, துளையின் அச்சில் ஒரு புள்ளி. ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளையும் அந்தப் புள்ளியோடு இணைத்தால் ஒரு கூர்ங்கூம்பு கிடைக்கும். அதன் கன அளவு பள்ளிக்கூடக் கணக்கு. இப்போது ஒரே ஒரு விதி: முக்கோணத்தின் வெளிமுகம் புள்ளிக்கு முதுகு காட்டி நின்றால் கூட்டு, புள்ளியைப் பார்த்து நின்றால் கழி. வெளிச்சுவரும் இரண்டு முனைப் பரப்புகளும் கூட்டலில் போகும். துளையின் சுவர் நடுவைப் பார்த்து நிற்பதால் கழித்தலில் போகும். எல்லாம் முடிந்தபின் மிஞ்சுவது உலோகம் மட்டும்: 78,540 கன மில்லிமீட்டர், அதாவது 78.54 சிசி. புள்ளியை வேறெங்கே வைத்தாலும் விடை மாறாது. எனக்கு இன்றும் அலுக்காத அழகு அது.

நல்ல மென்பொருள்கள் வளைவை முக்கோணமாக உடைப்பதில்லை. அந்தப் பரப்பின் சமன்பாட்டை வைத்தே தொகையிடும். ஆனால் 3டி பிரிண்டருக்குப் போகும் எஸ்டிஎல் ஃபைலில் முக்கோணங்கள்தான். அங்கே வட்டத்தை 36 பக்கப் பலகோணமாக உடைத்தால், நம் புஷ் 78.14 சிசியாக அரை சதவீதம் இளைத்துவிடும். அந்த ஃபைலில் அலகும் எழுதியிருக்காது. அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டர் என்று திறந்தால் கன அளவு 16,387 மடங்கு சுருங்கும். தோலில் எங்காவது தையல் விட்டிருந்தாலும் வம்பு. தண்ணீர் ஊற்றினால் சொட்டாத குடம் மாதிரி மாடல் மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் சில மென்பொருள்கள் எண்ணே தராது, சில தப்பான எண்ணைத் தரும். இரண்டாவதுதான் ஆபத்து.

எங்கள் பக்கத்துப் பேட்டர்ன் மேஸ்திரி ஒருவர் கம்ப்யூட்டரைத் தொட்டவரில்லை. தேக்கில் செய்த பேட்டர்னை, அதாவது வார்ப்பு அச்சுக்கான மர மாதிரியை, தராசில் வைப்பார். தேக்கைவிட வார்ப்பிரும்பு ஏறக்குறைய பதினோரு மடங்கு கனம். பேட்டர்ன் 2 கிலோ என்றால் காஸ்டிங் 22 கிலோ, துளைக்காக வைக்கும் மணல் கோர் அடைக்கும் இடத்தை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை வாடிக்கையாளர் அனுப்பிய டிராயிங்கில் எடை 3 கிலோ என்றிருந்தது. "இன்னாம்மா, மரமே ரெண்டு கிலோ. இரும்பு எப்டிம்மா மூணு கிலோ வரும்?" என்றார். ஃபைலைத் திறந்து பார்த்தேன். வரைந்தவர் உலோகம் எது என்றே குறிக்கவில்லை. அப்படி விட்டால் சாலிட்வொர்க்ஸ் தண்ணீரின் அடர்த்தியை, ஒரு சிசிக்கு ஒரு கிராமை, எடுத்துக்கொள்ளும். வார்ப்பிரும்பு சிசிக்கு சுமார் 7.2 கிராம். 3-ஐ 7.2-ஆல் பெருக்கினால் மேஸ்திரியின் 22 கிலோ கிட்டத்தட்ட வந்துவிடுகிறது.

கன அளவே சரியாக இருந்தாலும், எதனுடைய கன அளவு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கன்மெட்டல் சிசிக்கு ஏறக்குறைய 8.7 கிராம். நம் புஷ் 683 கிராம் வரும். ஆனால் ஃபவுண்டரியிலிருந்து அது இந்த அளவில் வருவதில்லை. லேத்தில் கடைய எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் விட வேண்டும். வெளிவிட்டம் 66, உள்விட்டம் 34, நீளம் 56. திரும்பக் கணக்கிட்டால் 140.7 சிசி, 1,224 கிராம். வெறும் 3 மில்லிமீட்டர், எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றம். அச்சுக்குள் உலோகம் ஓடும் ரன்னருக்கும், சுருக்கத்தை ஈடுகட்டும் ரைசருக்கும் ஊற்றும் உலோகம் இன்னும் சேரவில்லை. கடைந்து முடித்த மாடலின் எடையை வைத்து விலை கேட்பவரும், ஊற்றும் எடையை வைத்து விலை சொல்பவரும் ஒரே புஷ்ஷைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதனால் நான் தரும் ஒவ்வொரு டிராயிங்கிலும் கடைந்த எடை, வார்த்த எடை என்று இரண்டையும் தனித்தனியாகப் போடுகிறேன்.

காஸ்டிங் கைக்கு வந்தபின்னும் இந்த எண்ணுக்கு வேலை இருக்கிறது. தராசில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தினால், எத்தனை கிராம் குறைகிறதோ அத்தனை சிசி அதன் கன அளவு. இன்னும் கடையாத நம் கரட்டுப் புஷ் தண்ணீரில் 141 கிராம் குறைந்து, மாடலோடு ஒத்துப்போகிறது என்று வையுங்கள். வெளியே எடுத்து நிறுத்தால் 1,190 கிராம்தான் இருக்கிறது. அதே முறை உருக்கி வார்த்த மற்ற புஷ்கள் எல்லாம் 1,224. அப்படியென்றால் 34 கிராம் உலோகத்தின் இடத்தில், ஏறக்குறைய 4 சிசி அளவுக்கு, உள்ளே காற்று அடைந்திருக்கிறது. அந்தப் புஷ்ஷை லேத்தில் ஏற்றாமல் அப்படியே உருக்குவதற்குத் திருப்பி அனுப்பிவிடலாம்.