மின்னிசைக் கருவி தெரிதல்

காரைக்காலம்மையார் அருளிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் துத்தம், கைக்கிளை முதலிய சுரப்பெயர்களும், தக்கை, வீணை, மத்தளம் முதலிய கருவிப்பெயர்களும் அடுக்கி வருதலைத் தமிழ் பயில்வார் அறிவர். அவ்வம்மையார் பிறந்த ஊரே எமது ஊர். இன்றோ ஒரு சிறு கணினியினுள்ளே நூறு கருவிகள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே மின்னிசை பயிலப் புகும் மாணவன்முன் நிற்கும் வினா.

இவ்வினாவிற்கு யான் முதலிற் கண்ட விடை பிழைபட்டது. ஈராண்டிற்குமுன், சேர்த்து வைத்த பணமனைத்தையும் கொடுத்துச் சிறியதொரு கீபோர்டு வாங்கினேன். கணினியில் இலவசமாய்க் கிட்டிய சிந்தசைசர் மென்பொருள்களை வரையின்றி நிரப்பினேன். எங்கள் ஆலயப் பாடற்குழுவினர் தோடி இராகக் கீர்த்தனை ஒன்றைப் பாட, யான் உடன் வாசித்தேன். முதியவர் ஒருவர் பாட்டை நிறுத்தி, "தம்பி, ஒலி இனிதாய்த்தான் இருக்கிறது; காந்தாரம் அசையவில்லையே!" என்றார். சுருதியை வளைக்கும் சக்கரம் அக்கீபோர்டில் இல்லை என்பதை அன்றே உணர்ந்தேன்.

நிற்க. தோடியின் காந்தாரம் கீழே ரிஷபத்தையும் மேலே மத்தியமத்தையும் நோக்கி அசைந்தொலிப்பது. கீபோர்டின் கட்டையோ ஒரே சுரத்தில் நிலைத்து நிற்பது. மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்தற்பொருட்டு 1983ஆம் ஆண்டில் வெளிவந்த மிடி என்னும் முறையில், சுருதி வளைவிற்கென 16,384 படிகள் வகுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் இவ்வளைவு மேலும் கீழும் 2 அரைச்சுர எல்லைக்குள் அமைந்திருக்கும். தோடிக் காந்தாரத்திற்கு அது போதும். ஷட்ஜத்தினின்று பஞ்சமத்திற்கு வழுக்கிச் செல்லும் ஜாருவிற்கோ 7 அரைச்சுரம் வேண்டும். ஆதலின் எல்லையை 12ஆக மாற்றிக் கொள்க. அன்றியும், சக்கரத்தைத் திருப்பின் அத்தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் அனைத்தும் ஒருங்கே வளையும். ஆதார சுருதியை வேறொரு தடத்தில் வையாவிடின், அதுவும் உடன் ஆடும்.

கருவியின் விலையினும் அதன் இயல்பை அறிதலே முதன்மை என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங் என்பார், 1982ஆம் ஆண்டில் பத்து இராகங்களை மின்னிசையில் அமைத்து இசைத்தட்டிற்காகப் பதிவு செய்தார். அவர் கையாண்டவற்றுள் ரோலண்டு டிபி-303 என்பது ஒன்று. அது விலைபோகாமல் 1984இல் உற்பத்தி நின்றுபோன கருவி. ஆயினும் சுரத்தினின்று சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் ஆற்றலுடையது. பிற்றைநாளில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தார் அதே கருவிகொண்டு ஆசிட் ஹவுஸ் என்னும் புதிய இசைவகையைப் படைத்தனர்.

ஆதலின் மாணவர்க்கு யான் கூறும் முறை இது. முதலாவது, சுருதிச் சக்கரமுடைய கீபோர்டு ஒன்று, பழையதாயினும் ஆகுக. இரண்டாவது, நல்லதொரு ஹெட்போன். மூன்றாவது, சர்ஜ் எக்ஸ்டி போன்ற இலவச மென்பொருள் ஒன்றே ஒன்று. அதில் சுரத்தானங்களை நாம் விரும்பியவாறு திருத்திக் கொள்ளலாம். கட்டையை அழுத்தியதும் ஒலி பிந்தி வருமாயின், கணினியின் பஃபர் அளவை நோக்குக. நொடிக்கு 44,100 மாதிரிகள் கொள்ளுமிடத்து, 1,024 என்னும் அளவு ஏறத்தாழ 23 மில்லிநொடித் தாமதம் தரும். 256 என்பது 6 மில்லிநொடியே தரும். குரலைப் பதிவு செய்யும் நாள் வந்தபின் ஆடியோ இன்டர்பேஸ் வாங்கலாம். கடற்காற்றின் உப்பு உலோகத்தை அரிக்குமாதலின், எம்மூரார் கருவிகளைத் துணியால் மூடிவைத்தல் நலம்.

யான் பின்னர்ப் பழைய கீபோர்டு ஒன்றைக் குறைந்த விலைக்குப் பெற்று, ஒரே மென்பொருளை ஆறு திங்கள் பயின்றேன். மீண்டும் அக்கீர்த்தனையை வாசித்த அன்று, அம்முதியவர் பாட்டை நிறுத்தவில்லை.