எம்.ஆர்.ஐ.யும் எம்.இ.ஜி.யும் ஒரே கருவியில்

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பிள்ளைக்கு வலிப்பு மருந்துக்கு அடங்கவில்லை என்றால், பெற்றோர் போய் நிற்கும் இடம் ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மருத்துவமனை. அறுவை சிகிச்சையால் பலரைக் குணப்படுத்த முடியும். ஆனால் வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும்.

அதற்கு அங்கே எம்.இ.ஜி. என்ற கருவி இருக்கிறது. நரம்பணுக்களின் மின்னோட்டம் எழுப்பும் காந்தப்புலத்தை அது தலைக்கு வெளியிலிருந்தே அளக்கிறது. பூமியின் காந்தப்புலத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு சிறிய புலம் அது. அளக்கும் ஸ்க்விட் என்னும் மீக்கடத்தி உணரிகள் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கும். நோயாளி காந்தக் கவச அறைக்குள் அசையாமல் இருக்க வேண்டும்.

எம்.இ.ஜி. மூளையைப் படம் பிடிக்காது. படத்தை வேறொரு அறையில் எம்.ஆர்.ஐ. எடுக்கும், பிறகு இரண்டையும் பொருத்துவார்கள். மூக்குத்தண்டின் மேற்பள்ளத்தையும் இரு காதுகளின் முன்புறத்தையும் பேனா போன்ற கருவியால் தொட்டுக் குறித்து, தலையின் வளைவைப் புள்ளி புள்ளியாகப் பதிவு செய்வார்கள். பேனா தோலில் சற்று அழுந்தினாலே குறி விலகிவிடும். பேச்சுக்கான பகுதியை ஒட்டிக் கத்தி வைக்கும் மருத்துவருக்குச் சில மில்லிமீட்டரும் பெரிய விஷயம்.

இரண்டையும் ஒன்றாக்கலாம் என்றால், எம்.ஆர்.ஐ.யின் 3 டெஸ்லா காந்தத்தின் அருகே ஸ்க்விட் வேலை செய்யாது. எனவே ஆய்வாளர்கள் காந்தத்தையே பலவீனமாக்கினார்கள். மிதமான ஒரு புலத்தைச் சிறிது நேரம் செலுத்தி, மூளையிலுள்ள நீரின் புரோட்டான்களைத் திசைப்படுத்துவார்கள். அதை அணைத்ததும், பூமியின் புலத்தையொத்த நுண்புலத்தில் அவை தரும் சமிக்ஞையை, மூளைச் செயல்பாட்டை அளக்கும் அதே ஸ்க்விட்கள் பிடிக்கும். 2008இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் 46 மைக்ரோடெஸ்லாவில் இப்படி மனித மூளையைப் படமெடுத்தது. அதே கருவியில் எம்.இ.ஜி.யும் பதிவானது. படம் மங்கல்தான். ஆனால் இரண்டும் ஒரே உணரிகளில் கிடைப்பதால் பொருத்தும் பிழை வெகுவாகக் குறையும்.

நமக்கும் இது எட்டாத தொழில்நுட்பம் அல்ல. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஸ்க்விட்களைத் தானே தயாரித்து, இதயத்தையும் மூளையையும் அளக்கும் கருவிகளைக் கட்டியிருக்கிறது. பெங்களூரின் வாக்ஸல்கிரிட்ஸ் 2023இல் உள்நாட்டு 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கொண்டுவந்தது. வலிப்பு நோயாளிகளை அறிந்த மருத்துவர்கள் நிம்ஹான்ஸில் இருக்கிறார்கள். இவர்களை ஒரே திட்டத்தில் சேர்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் தீர்க்க வேண்டிய சிக்கலும் தெரிந்ததுதான். திசைப்படுத்தும் புலத்தை அணைக்கும் கணத்தில் கவச அறையின் சுவர்களில் சுழல் மின்னோட்டம் எழுந்து சமிக்ஞையை மூழ்கடிக்கும். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் குழு, சுவரை எட்டும் புலத்தை எதிர்ச்சுருளால் ரத்து செய்யும் வழியில் இதைக் கையாண்டது.