ரொனால்ட் லெவி

ரொனால்ட் லெவி (பிறப்பு: 1941) அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவ ஆய்வாளர், கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். உடலின் நோய் எதிர்ப்பாற்றலைக் கொண்டே நிணநீர்ப் புற்றைக் குணப்படுத்த முடியுமா என்ற ஒரே கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்தவர். 2009இல் மருத்துவத்துக்கான மன்னர் ஃபைசல் பரிசு பெற்றார்.

நிணநீர்ப் புற்று

கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் நெறி கட்டுவதை எல்லோரும் அறிவர். அவை நிணநீர்க் கணுக்கள். கிருமிகளோடு போரிடும் வெள்ளையணுக்கள் அங்கே தங்குகின்றன. அவற்றில் பி செல் என்பது எதிர்ப்பொருளை உருவாக்கும் வகை. ஒவ்வொரு பி செல்லும் தான் உருவாக்கும் எதிர்ப்பொருளின் மாதிரியைத் தன் மேற்பரப்பில் தாங்கியிருக்கும். அந்த மாதிரி செல்லுக்குச் செல் வேறுபடும்; மனிதருக்குக் கைரேகை போல.

ஒரே ஒரு பி செல் கட்டுப்பாடிழந்து பெருகுவதால் இப்புற்று தோன்றுகிறது. ஆகவே ஒரு நோயாளியின் புற்றுச் செல்கள் அனைத்திலும் ஒரே கைரேகைதான் இருக்கும். அதை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் செலுத்தினால் நல்ல செல்களுக்குத் தீங்கின்றிப் புற்றை அழிக்கலாம் என்று லெவி எண்ணினார்.

முதல் வெற்றியும் அதன் சிக்கலும்

லெவி ஸ்டான்ஃபோர்டில் ஆசிரியராகச் சேர்ந்தது 1975இல். அதே ஆண்டில்தான் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் முறையைக் கண்டறிந்தனர். லெவியின் எண்ணத்துக்குத் தேவையான கருவி அதுவே.

பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத புற்றுடன் வந்த ஒருவருக்கு, அவருடைய புற்றுக்கென்றே எலியின் செல்களிலிருந்து எதிர்ப்பொருள் தயாரித்துச் செலுத்தினர். கட்டிகள் முற்றிலும் மறைந்தன. 1982இல் வெளியான இந்த ஆய்வறிக்கை மருத்துவ உலகை வியக்க வைத்தது.

ஆனால் அடுத்தடுத்த நோயாளிகள் பலருக்குப் பகுதிப் பலனே கிடைத்தது. சிலரது புற்றுச் செல்கள் திடீர் மாற்றத்தால் கைரேகையையே மாற்றிக்கொண்டு தப்பின. அதைவிடப் பெரிய தடை, ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு மருந்தைப் பல மாதம் உழைத்துத் தயாரிக்க வேண்டியிருந்தது. நோய் அதுவரை காத்திராதே!

எல்லோருக்கும் ஒரே மருந்து

லெவி நிறுவனர்களுள் ஒருவராக இருந்த ஐடெக் நிறுவனம், சிடி20 என்னும் புரதத்தை இலக்காகக் கொண்டது. இது கைரேகை அன்று. ஏறத்தாழ எல்லாப் பி செல்களும் அணியும் சீருடை. அதைத் தாக்கினால் நல்ல பி செல்களும் மடியும். ஆயினும் அவற்றைப் பிறப்பிக்கும் தண்டு செல்களில் சிடி20 இல்லை. எனவே சில மாதங்களில் புதியவை உருவாகிவிடும். துல்லியத்தைச் சற்றே விட்டுக்கொடுத்ததால்தான் மருந்து பலரையும் எட்டியது எனலாம்.

இவ்வாறு பிறந்த ரிட்டுக்சிமாப் 1997 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. புற்றுநோய்க்கு அங்கு ஒப்புதல் பெற்ற முதல் ஓரின எதிர்ப்பொருள் மருந்து இதுவே. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றது. இந்தியாவில் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸ் நிறுவனம் 2007இல் இதையொத்த மருந்தைக் குறைந்த விலையில் கொண்டுவந்தது.

தடுப்பூசி முயற்சிகள்

லெவி கைரேகையை மறந்துவிடவில்லை. அதையே தடுப்பூசியாக்கி, நோயாளியின் உடலையே எதிர்ப்பொருள் உருவாக்கச் செய்ய முயன்றார். பல ஆண்டு உழைப்புக்குப் பின் நடந்த பெரிய சோதனையில், நோய் மீண்டும் வளரும் காலத்தை அது தள்ளிப்போடவில்லை. 2014இல் அவர் பெயரிலேயே அம்முடிவு வெளியானது. தோல்வியையும் முறையாகப் பதிவுசெய்வது அறிவியலின் பகுதி. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த வழி, கட்டிக்குள்ளேயே ஊசி போடுவது. கட்டியினுள் ஏற்கெனவே புகுந்து, செயலிழந்து கிடக்கும் டி செல்களைத் தூண்டும் இரு பொருள்களை மிகச் சிறிய அளவில் செலுத்தினர். உடலின் இருபுறமும் கட்டி இருந்த எலிகளுக்கு ஒருபுறம் மட்டும் ஊசி போட, மறுபுறக் கட்டியும் மறைந்தது. நிணநீர்ப் புற்றுடைய 90 எலிகளில் 87 குணமடைந்ததாக 2018இல் அறிவித்தனர். ஓர் எலிக்கு நிணநீர்ப் புற்றோடு குடல் புற்றும் இருந்தால், ஊசி போட்ட வகைக் கட்டிகள் மட்டுமே கரைந்தன; மற்றது வளர்ந்தது.

எலியில் கண்டது மனிதரிடம் அப்படியே நிகழும் எனக் கொள்ளலாகாது. இத்தகைய தூண்டுபொருள் ஒன்றைக் குறைந்த அளவுக் கதிர்வீச்சோடு சேர்த்து 15 நோயாளிகளுக்கு அளித்த முந்தைய ஆய்வில் (2010), ஒருவருக்கு முழுமையாகவும் மூவருக்குப் பகுதியாகவும் கட்டிகள் குறைந்தன.