பெட்டியில் பழுதில்லை

"மிஸ், என்ட மகன் என்னோட பேசி இருபத்தாறு நாள்" என்றார் அந்தத் தாய். நான் கதிரையில் உட்காரக்கூட இல்லை.

கற்பிட்டிக் குடாநாட்டில் களப்புப் பக்கமாக அமைந்துள்ள ஒரு குடியேற்றக் கிராமம் அது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த குடும்பங்களே அங்கு பெரும்பாலும் வாழ்கின்றன. ஒரு மதிலுக்கு இரு வீடு என்கிற அளவில் வீடுகள் நெருக்கமாகக் காணப்படும். பாடசாலைக்கு ஒழுங்காக வராத பிள்ளைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தேன். மகனுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் தரம். அந்த மாதத்தில் பதினொரு நாட்கள் பாடசாலை பக்கம் போகவில்லை. என் கையிலிருந்த படிவத்தில் காரணங்கள் ஏற்கனவே அச்சிடப்பட்டிருந்தன: நோய், வறுமை, தொழிலுக்குச் செல்லல், பெற்றோர் வெளிநாடு. ஏதாவது ஒன்றுக்குச் சரி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

காரணம் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே இருந்தது. தூசு படாமல் லேஸ் துணியால் மூடி வைக்கப்பட்டிருந்த ஒரு கறுப்புப் பெட்டி, பிளேஸ்டேஷன் 4.

குவைத்தில் சாரதியாக வேலை செய்யும் தகப்பன், 2019 இல் விடுமுறையில் வந்தபோது அறைத் தோழர் ஒருவரிடம் பழையதாக வாங்கிக் கொண்டுவந்தது. 2020, 2021 இல் பாடசாலைகள் மூடிக் கிடந்த காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காக அந்த வீட்டுக்கு வைஃபை வந்தது. அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஒரு வழக்கம் உருவாகியிருந்தது. நமது நேரம் இரவு எட்டு மணி, குவைத்தில் மாலை ஐந்தரை. அங்கே தகப்பன் அறையிலுள்ள ஒரு பெட்டியின் முன்னால் உட்காருவார், இங்கே மகன். இருவரும் ஒரு மணி நேரம் உதைபந்தாட்டம் ஆடுவார்கள். காதில் மாட்டும் ஹெட்செட்டில் பேச்சும் நடக்கும்.

"நான் அந்த நேரம் குசினிக்குள்ள இருப்பன் மிஸ். மகன் சிரிக்கிறது மட்டும் கேக்கும். அவர் என்ன சொல்றாரெண்டு எனக்குத் தெரியாது."

புள்ளிகள் குறைந்தபோது, "இந்தப் பெட்டியக் களப்புக்குள்ள வீசுறன் பார்" என்று அவர் பல தடவை ஏசியிருக்கிறார். ஏசாத தாய் யார்? இந்நிலையில்தான் ஒரு மாலை இடி மின்னலில் பழைய ரவுட்டர் எரிந்து போனது. உறவினர் ஒருவர் புதியதொன்றை வாங்கி வந்து பூட்டிக் கொடுத்தார். வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் இணையம் கிடைத்தது, பெட்டிக்கு மட்டும் கிடைக்கவில்லை. "பெட்டியிட வைஃபை போயிட்டுது" என்று உறவினர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நகரத்துக் கடை ஒன்றில் திறந்து பார்ப்பதற்கே காசு கேட்டார்கள். தகப்பனோ, "அத வித்துப்போடுங்க, வரக்குள்ள புதுசு கொண்டுவாறன்" என்றாராம். புதிது என்றால் அவர் அங்கே இன்னும் எத்தனை மாதம் கூடுதலாக நிற்க வேண்டும் என்ற கணக்கு மனைவிக்குத் தெரியும்.

மகன் போட்ட கணக்கு வேறு. உம்மா சொன்னதைச் செய்துவிட்டார் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். முதல் நாள் கத்தினான். பிறகு கத்தவுமில்லை, பேசவுமில்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். காலையில் எழும்ப மாட்டான்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. பெற்றோர் கூட்டங்களில் "கேம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும்" என்று ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தும், காரணத்தைக் கேட்பதற்கு முன்னரே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டு அடிமைத்தனம் ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருப்பது உண்மை. 2019 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அங்கே சொல்லப்பட்டிருப்பது என்ன? விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதற்கே முதலிடம் கொடுத்தல், தீங்கு வந்த பின்னும் தொடர்தல், இவை பொதுவாக ஒரு வருட காலமாவது நீடித்தல். வாரத்தில் ஒரு மணி நேரம் வாப்பாவோடு விளையாடியவன், அந்த மணி நேரம் பறிபோனதற்காக ஒரு மாதம் முகம் திருப்பிக்கொண்டிருப்பதை நான் எந்தக் கூட்டில் அடைப்பது?

எனக்கு இந்தப் பெட்டிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனவே கணினிப் பாடம் கற்பிக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். தாயின் போனில் வட்ஸ்அப் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, "நெட் எல்லாம் நல்லாயிருக்கு தம்பி" என்றேன்.

"அக்கா, முதல்ல அந்த போனில மொபைல் டேட்டாவ ஓஃப் பண்ணிட்டுப் பாருங்க."

நியாயமான கேள்விதான். சிம் அட்டையின் டேட்டாவில் வட்ஸ்அப் ஓடிக்கொண்டிருந்தால் ரவுட்டர் செத்திருந்தாலும் நமக்குத் தெரியாது. டேட்டாவை நிறுத்திய பிறகும் வட்ஸ்அப் ஓடியது. ஆக, வெளியிலிருந்து வீட்டுக்குள் இணையம் வருகின்றது. கோளாறு ரவுட்டருக்கும் பெட்டிக்கும் இடையில்.

அடுத்து மகன் தேவைப்பட்டான். "மகன், கொஞ்சம் வாங்க, எனக்கு இது விளங்குதில்ல" என்று கூப்பிட்டேன். கதவோரம் வந்து நின்றான். பிறகு மெதுவாக வந்து உட்கார்ந்தான். தாயைப் பார்க்கவில்லை. செட்டிங்ஸ், அதற்குள் நெட்வேர்க், அதற்குள் வைஃபை என்று விரல்கள் தாமாக ஓடின. இருபது தடவை செய்து பார்த்திருப்பான் போலும். திரையில் வந்த பெயர்களை உரக்க வாசிக்கச் சொன்னேன். நான்கு பெயர்கள், நான்கும் அயல் வீட்டாருடையவை.

"எங்கட பேர் இல்ல மிஸ். எப்பவும் இல்ல."

தம்பி தொலைபேசிக்குள் சிரித்தார். "அக்கா, பக்கத்து வீட்டுப் பேர் தெரியுதெண்டா பெட்டியிட காது நல்லாத்தான் இருக்கு. உங்கட ரவுட்டர்தான் அதுக்குக் கேக்காத சத்தத்தில பேசுது."

விடயம் இதுதான். வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றது, ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 வேகம் குறைந்தது, ஆனால் தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும். 2013 இல் வெளிவந்த முதலாவது தடித்த பிளேஸ்டேஷன் 4 க்கு 2.4 மட்டுமே கேட்கும். 2016 இல் வந்த மெல்லிய வகைக்குத்தான் இரண்டும் கேட்கும். அதற்கு முந்திய பிளேஸ்டேஷன் 3 உம் 2.4 வகைதான். புதிய ரவுட்டரைப் பூட்டிய உறவினர், வேகம் கூட என்று கேள்விப்பட்டு 5 ஐ மட்டும் வைத்துவிட்டு மற்றதை நிறுத்தியிருந்தார். தொலைபேசிகள் புதியவை, அவற்றுக்கு அது கேட்டது. அவர் நல்லதைத்தான் நினைத்துச் செய்தார்.

ரவுட்டரைத் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலே ரவுட்டரின் உள்பக்கத்துக்குப் போகும் முகவரியும், நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். தாயின் போனில் அவரையே தட்டச் சொன்னேன். "நான் இதத் தொட்டதே இல்ல மிஸ், ஏதும் பழுதாகிடுமோ?" என்று இரண்டு தடவை கேட்டார். 2.4 க்கு எதிரே இருந்த குறியை அழுத்தினார். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் பின்னர் குழப்பம் வரும் என்பதால் இதற்குத் தனிப் பெயர் வைக்கும்படி தம்பி சொன்னார். பாதுகாப்பு முறையில் புதிய மூன்றாம் வகையை மட்டும் தெரிவு செய்தால் பழைய கருவிகள் இணைய மறுக்கும், டபிள்யூ.பி.ஏ. 2 போதும் என்றும் சொன்னார்.

ரவுட்டர் அணைந்து எரிந்தது. மகன் பெயர்ப் பட்டியலைப் புதுப்பித்தான். ஐந்தாவதாக ஒரு பெயர் வந்தது.

அவன் திரையை விட்டுத் திரும்பி, "உம்மா, பாஸ்வேர்ட் என்ன போட்ட?" என்று கேட்டான்.

தாய் எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இணைந்த பிறகு பெட்டியில் இணையப் பரிசோதனை ஒன்று செய்யலாம். அது வரிவரியாக முடிவு சொல்லும். ஐ.பி. முகவரி கிடைத்ததா என்பது முதல் வரி. அங்கே தோற்றால் ரவுட்டரோடு உள்ள தொடர்பிலே குறை, கடவுச்சொல்லையும் தூரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாவது வரி இணையம். அங்கே தோற்றால் டேட்டா முடிந்திருக்கலாம், அல்லது வெளித்தொடர்பில் கோளாறு. மூன்றாவது, விளையாட்டு நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழைதல். அதில் மட்டும் தோற்றால் நம் வீட்டில் எதையும் கழற்றாமல் பொறுத்திருப்பதே நல்லது. 2011 ஏப்ரலில் ஊடுருவல் காரணமாக சோனி தனது வலையமைப்பையே மூன்று வாரங்களுக்கு மேல் மூடி வைத்தது. ஏறக்குறைய 7 கோடி 70 இலட்சம் கணக்குகள் பாதிக்கப்பட்டன. 2025 பெப்ரவரியிலும் ஏறத்தாழ ஒரு நாள் அது நின்று போனது. அந்நாட்களில் உலகெங்கும் எத்தனை வீடுகளில் ரவுட்டரைக் குற்றம் சொன்னார்களோ!

இங்கு மூன்று வரியும் சித்தியடைந்தன. நான்காவதாக "நெட் வகை 3" என்று ஒன்று வந்தது. அது கண்டிப்பான வகை. சிம் போடும் ரவுட்டர்களில் இது சாதாரணம், ஏனென்றால் தொலைபேசி வலையமைப்புகளில் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுப்பார்கள். விளையாட்டு பெரும்பாலும் நடக்கும், ஆனால் மறுபக்கமும் இதே வகையாக இருந்தால் ஹெட்செட் பேச்சு போகாது. முன்பிருந்தது கம்பி வழி இணைப்பு, அதனால் இந்தப் பிரச்சினை வந்ததில்லை. வீட்டுக்குள் செட்டிங்ஸ் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது என்றார் தம்பி.

வெள்ளிக்கிழமை அப்படியே நடந்தது. பந்து ஓடியது, பேச்சு வரவில்லை. மகனுக்கு மறுபடியும் முகம் சுருங்கியதாம். தாய் தனது போனில் கணவருக்கு வட்ஸ்அப் கோல் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஹெட்செட் இல்லாததால் அன்று முதன்முறையாக இருவர் பேச்சும் அவருக்குக் கேட்டது. "உம்மாட கால் வீக்கம் எப்படி எண்டுதான் மிஸ் முதல்ல கேக்கிறார். ஒவ்வொரு கிழமையும் கேப்பாராம். இவன் எனக்குச் சொல்றதில்ல." இப்போது அவர் வெள்ளி இரவில் வெங்காயத்தை ஹோலுக்குக் கொண்டுவந்து உரிக்கிறார்.

அந்த முதல் நாளிலேயே இன்னொன்றையும் பார்த்தோம். மகனின் நண்பர் பட்டியலில் பதினொரு பேர் இருந்தார்கள். நேரில் அறிந்தவர்கள் நான்கு பேர்தான். ஒருவர் தொலைபேசி இலக்கம் கேட்டிருந்தார். மகன் கொடுக்கவில்லை, ஆனால் யாரிடமும் சொல்லவுமில்லை. பெட்டியைக் களப்பில் வீசுவேன் என்று சொல்லும் தாயிடம் எப்படிச் சொல்வான்? அவனது கணக்கு வளர்ந்தவரின் பிறந்த ஆண்டோடு திறக்கப்பட்டிருந்ததால் எந்தக் கட்டுப்பாடும் அதில் இல்லை. தகப்பனின் கணக்கின் கீழ் பிள்ளைக்குரிய கணக்கொன்றைப் புதிதாகத் திறந்தால், யாரோடு பேசலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கலாம். விளையாடும் நேரத்தை வரையறுக்கும் வசதி 2018 முதல் இருக்கிறது. புதிய கணக்கில் பழைய கோல்கள் எல்லாம் போய்விடும் என்று மகன் வாதாடினான். அந்த வழக்கை வாப்பாவின் தீர்ப்புக்கு விட்டோம். அடுத்த வெள்ளி புதிய கணக்குத் திறக்கப்பட்டது. இப்படி யாராவது பிள்ளையைத் தொந்தரவு செய்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம் என்பதைத் தாய்க்கும் மகனுக்கும் சேர்த்தே சொன்னேன்.

நம் கரையோர வீடுகளுக்கென்று சில சிரமங்கள் உண்டு. சோளகக் காற்றில் வரும் உப்பு, பிளக்கின் உலோக முனைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். மாதம் ஒரு தடவை கழற்றி உலர்ந்த துணியால் துடைக்கலாம். அந்த வீட்டு ரவுட்டர் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. அலைகளுக்கு இரும்பு மதில் மாதிரி. ஜன்னலோரம் உயரமான தட்டுக்கு மாற்றினோம். இடி கேட்டால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையே இழுத்துவிட வேண்டும். டேட்டா விடயத்தில், விளையாடுவதற்குச் செலவாவது பொதுவாக வீடியோ பார்ப்பதைவிடக் குறைவே. விழுங்குவது விளையாட்டுகளைத் தரவிறக்குவதும் புதுப்பிப்பதும்தான். தானாகத் தரவிறக்கும் வசதியை நிறுத்திவிட்டு, இரவு நேர டேட்டா உள்ளவர்கள் அந்த நேரத்தில் செய்யலாம்.

திங்கட்கிழமை மகன் பாடசாலைக்குப் போனான். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் எதற்குச் சரி போடுவது என்று யோசித்து, கடைசியில் "வேறு" என்பதற்கு எதிரே "தகப்பனுடனான தொடர்பு துண்டிப்பு" என்று எழுதினேன். மேலதிகாரி ஒரு விளக்கக் குறிப்புக் கேட்டிருக்கிறார்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போனபோது அடுத்த வீட்டுப் பெண்ணும் அங்கே இருந்தார். தன் மகளின் பழைய டெப்லட்டுக்கு வீட்டு வைஃபை பெயர் காட்டவில்லை என்று ரவுட்டரையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நம் தாய் அதைத் திருப்பி, அடியிலுள்ள ஸ்டிக்கரை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார்.