ஒரு சொட்டு இரத்தத்தில் எலிச் சிறுநீர் நோயைக் கண்டுபிடிக்க முடியுமா?

விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைப் பட்டையில் வைத்து இனிப்பு அளவைப் பார்க்கும் கருவி நம்மில் பலரது வீட்டில் இருக்கிறது. அந்தப் பட்டையில் தடவியுள்ள நொதி, இரத்தத்திலுள்ள குளுக்கோஸோடு சேரும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. இனிப்பு கூடினால் மின்னோட்டமும் கூடும். கருவி அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது.

இதே வழியில் நோய்க்கிருமியையும் கண்டுபிடிக்க உலகின் பல இடங்களில் முயன்று வருகிறார்கள். நமக்கு அருகில், பெர்லிஸ் மலேசியப் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய ஆய்வு நடக்கிறது.

புக்கிட் செலம்பாவ் போன்ற தோட்டப் பகுதிகளில் கவனிக்க வேண்டிய ஒன்று எலிச் சிறுநீர் நோய். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி, காலிலுள்ள வெட்டு, சிராய்ப்பு வழியாக உடலில் புகும். தொடக்கத்தில் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி வரும். டெங்கியும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும். முற்றினால் சிறுநீரகமும் கல்லீரலும் நுரையீரலும் கெடும், உயிருக்கே ஆபத்து.

வழக்கமான இரத்தச் சோதனை, கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது போதிய அளவில் உருவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்கு முன் சோதித்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம். ஆனால் அந்த முதல் வாரத்தில் கிருமியே இரத்தத்தில் இருக்கும். கிருமியின் டி.என்.ஏ.யைத் தேடினால் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்.

டி.என்.ஏ. என்பது சட்டையின் ஜிப் போன்றது. இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் சேரும். கிருமியின் டி.என்.ஏ.க்குப் பொருந்தும் ஒரு பக்கத்தைச் செய்து, மின்சாரம் கடத்தும் தகட்டில் ஒட்டி வைக்கிறார்கள். மறுபக்கம் இரத்தத்தில் இருந்தால் வந்து சேரும்; மின்னோட்டம் மாறும். அந்த மாற்றம் மிகச் சிறியது. அதைப் பெருக்கிக் காட்டத்தான் நானோ துகள்கள், பெரும்பாலும் பொன் துகள்கள், பயன்படுகின்றன. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நகையில் மஞ்சளாகத் தெரியும் பொன், இவ்வளவு சிறிதானால் சிவப்பாகத் தெரியும். கோவிட் காலத்தில் வீட்டில் சோதித்த பட்டைகள் பலவற்றில் தெரிந்த சிவப்புக் கோடும் பொன் துகள்தான்.

ஆனால் இரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும். வேறு பொருள்கள் ஏராளம். ஆகவே இந்தக் கருவி பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. இணையத்தில் யாராவது விற்றால் வாங்க வேண்டாம். இப்போது டி.என்.ஏ. சோதனை தேவைப்பட்டால், மருத்துவர் பி.சி.ஆர். முறையில் செய்ய ஆய்வகத்திற்கு அனுப்புவார்.

காய்ச்சல் கண்டால் பனடோல் விழுங்கிவிட்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். கடந்த ஒரு மாதத்தில் கால்வாய் சுத்தம் செய்திருந்தால், வெள்ள நீரில் நடந்திருந்தால், ஆற்றில் குளித்திருந்தால், வீட்டில் எலி செத்துக் கிடந்திருந்தால் கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள். எந்தச் சோதனை வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்ய அது உதவும். சோதனை முடிவு வருமுன்பே அவர் மருந்து தொடங்கலாம். கண் மஞ்சளானால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால் இரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.